அப்பாவுக்கு சுரங்கத்தில் ஓட்டு. மகனுக்கு கல்லூரியில் ஓட்டு இல்லை!

மாணவர் தேர்தல் எங்கே போச்சு? - ஒரு கண்ணோட்டம்

மேல்பட்டாம்பாக்கம்,-

கடலூர்-விழுப்புரம் ரெயில் பாதையில், நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். பொழுது விடிந்தால் இந்த வட்டாரத்து ஊர்களில் இருந்து இரண்டு வகைக் கூட்டம் கிளம்பும். ஒன்று, சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குப் போகிற கூட்டம். மற்றொன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற கூட்டம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா, நெய்வேலி சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளி. மகன், கடலூரிலோ சிதம்பரத்திலோ கல்லூரி மாணவன். இருவரும் ஒரே ரேஷன் கார்டு. சட்டசபைத் தேர்தல் வந்தால் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பா உசத்தி, மகன் மட்டம்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில், எந்தத் தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசலாம் என்பதை முடிவு செய்ய ரகசிய ஓட்டெடுப்பு நடத்துகிறார்கள். நிரந்தரத் தொழிலாளிகள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். சம்பளம், போனஸ், குவார்ட்டர்ஸ், பதவி உயர்வு என்று எதைப் பேசுவதாக இருந்தாலும், பேசப் போகிறவர் ஓட்டு வாங்கி வந்தவர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த ஓட்டு இல்லை என்பது தனி மனக்குறை. அது வேறு கதை.

மகன் படிக்கிற கல்லூரியில்?

"ஏண்டா, உங்க காலேஜுல யாருடா மாணவர் தலைவரு?"

"தெரியலப்பா. யாரோ ஒரு அண்ணன்னு சொன்னாங்க. பிரின்சிபால்தான் போட்டாராம்."

"நீங்க ஓட்டுப் போடலியா?"

"அதெல்லாம் கெடையாதுப்பா."

இதுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளின் நிலை. மாணவர் பேரவை என்று பெயர் இருக்கும். தொடக்க விழா நடக்கும். சிறப்பு விருந்தினர் வருவார். "சேர்மன்" என்று ஒருவருக்கு பேட்ஜ் குத்துவார்கள். ஓட்டுப் பெட்டியை மட்டும் காணோம்.

18 வயது நிரம்பியவர்களுக்கு ஓட்டுரிமை 1989-ம் ஆண்டு கிடைத்தது. அதற்கு முன் 21 வயது ஆக வேண்டும். எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க ஒரு மாணவனுக்கு யோக்கியதை உண்டு, எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கவும் உண்டு. விடுதிச் சாப்பாட்டில் புழு கிடந்தால் போய்க் கேட்க ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் யோக்கியதை இல்லையாம்!

சிதம்பரம் பார்க்காத கலாட்டாவா?

இந்த மாவட்டத்துக்கு மாணவர் அரசியல் புதிது அல்ல.

1965-ம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம். ஜனவரி 27-ந் தேதி சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் பலியானார். சிதம்பரத்தில் அவருக்குச் சிலை உள்ளது.

இரண்டே வருஷம். 1967-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில், விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார் பெ.சீனிவாசன். யார் இந்த சீனிவாசன்? 1965 போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் தலைவர். நாடே வாயைப் பிளந்தது.

அடுத்து 1971. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதல்-மந்திரி கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். போலீஸ் தடியடி நடந்தது. மாணவர் உதயகுமாரின் உடல் குளத்தில் மிதந்தது. நீதிபதி என்.எஸ்.ராமசாமி தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அந்த மரணம் பல ஆண்டுகள் மேடைதோறும் பேசப்பட்டது.

இப்படிப்பட்ட சம்பவங்களைப் பார்த்த பெற்றோர்களுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. "பையன் படிக்கப் போனானா, கொடி பிடிக்கப் போனானா?" என்ற பயம். நிர்வாகங்களுக்கும் அதே பயம்தான். கோஷ்டி மோதல், சாதிச் சண்டை, வெளியில் இருந்து வரும் கட்சிப் பணம் ஆகியவற்றைக் காட்டித் தேர்தலை ஓரம் கட்டினார்கள். தேர்தல் இல்லாவிட்டால் அமைதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு சரியாக வந்ததா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு

கல்லூரித் தேர்தல் விவகாரம் கேரளாவில் இருந்து சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. மாணவர் தேர்தலை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஆராய, முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் லிங்டோ தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. கமிட்டி 2006-ம் ஆண்டு மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, சிபாரிசுகளைப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பின்பற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

தேர்தலே கூடாது என்று லிங்டோ சொல்லவில்லை. தேர்தல் நடக்கட்டும், ஒழுங்காக நடக்கட்டும் என்றுதான் சொன்னார்.

போட்டியிட ஆசைப்படும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விதிகள் வருமாறு:-

வயது: பட்டப் படிப்பு மாணவர் என்றால் 17 முதல் 22-க்குள். முதுநிலைப் படிப்புக்கு 24 அல்லது 25 வரை. ஆராய்ச்சி மாணவருக்கு 28 வரை.

படிப்பு: போட்டியிடும் ஆண்டில் அரியர்ஸ் இருக்கக் கூடாது. வருகைப் பதிவு குறைந்தது 75 சதவீதம்.

நடத்தை: கிரிமினல் வழக்கு வரலாறு கூடாது. கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரும் நிற்க முடியாது.

வாய்ப்பு: நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு தடவைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு தடவை.

செலவு: ஒரு வேட்பாளருக்கு 5 ஆயிரம் ரூபாய்தான். மாணவர்கள் விரும்பிக் கொடுப்பதை வாங்கலாம். வேறு இடத்தில் கை நீட்டக் கூடாது. அரசியல் கட்சிப் பணம் வந்தால் அவ்வளவுதான். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும்.

பிரசாரம்: அச்சடித்த போஸ்டர், நோட்டீசு கூடாது. கையால் எழுதிய போஸ்டர் மட்டும். அதையும் நிர்வாகம் காட்டுகிற இடத்தில்தான் ஒட்ட வேண்டும். மைக் கூடாது, வண்டி ஊர்வலம் கூடாது. சாதி, மதம் சொல்லி ஓட்டுக் கேட்கவே கூடாது.

காலம்: கல்வி ஆண்டு தொடங்கிய 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் முடிய வேண்டும். மனுத் தாக்கலில் இருந்து முடிவு அறிவிப்பு வரை மொத்தம் 10 நாள். புகார்களை விசாரிக்கத் தனிக் குழு இருக்க வேண்டும்.

சட்டசபைத் தேர்தலுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது! அரியர்ஸ் இருந்தால் நிற்க முடியாது என்ற விதியை எம்.எல்.ஏ. தேர்தலுக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று டீக்கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

ஐந்து வருஷம் எப்போது முடியும்?

"எங்கள் கல்லூரியில் சூழ்நிலை சரியில்லை. தேர்தல் வைத்தால் ரகளை வரும்" என்று நிர்வாகம் சொல்லலாம். அதற்கும் லிங்டோ வழி வைத்திருக்கிறார். அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத இடத்தில், பிரதிநிதிகளை நியமிக்கலாம் என்றார்.

ஆனால் கூடவே மூன்று பூட்டுப் போட்டார்.

ஒன்று, நியமன முறையில் குறைகள் நிறைய உண்டு. அது தற்காலிக ஏற்பாடாக மட்டுமே இருக்க வேண்டும்.

இரண்டு, ஐந்து ஆண்டுக்குள் எல்லா இடத்திலும் தேர்தல் முறைக்கு மாற வேண்டும்.

மூன்று, நியமிக்கும்போது மார்க்கை மட்டும் பார்த்து நியமிப்பது சரியல்ல.

2006-ல் சொன்ன ஐந்து ஆண்டு 2011-ல் முடிந்துவிட்டது. தற்காலிகம் என்று போட்ட கொட்டகை, நிரந்தரக் கட்டிடம் ஆகிவிட்டது. "மார்க்கை மட்டும் பார்க்காதே" என்ற வார்த்தையும் காற்றோடு போயிற்று. யார் முதல் மார்க்கோ அவர்தான் வகுப்புத் தலைவர் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம்.

முதல் மார்க்கு வாங்கும் மாணவர் மீது யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் நியமனம் செய்தவரையே எதிர்த்து "அய்யா, தண்ணீர் வரவில்லை" என்று அவர் எப்படிக் கேட்பார்? கேட்டால் அடுத்த நாள் பேட்ஜ் போய்விடும். ஓட்டு வாங்கி வந்தவனைப் பிரின்சிபால் நினைத்தாலும் சுலபமாக இறக்க முடியாது. அதுதான் வித்தியாசம்.

பல்கலைக்கழக மானியக் குழு, மாணவர் குறை தீர்க்கும் குழு அமைக்க வேண்டும் என்று 2023-ம் ஆண்டு விதி கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். அந்தக் குழுவில் மாணவர் ஒருவருக்கும் நாற்காலி உண்டு. ஆனால் அவரும் படிப்பு, விளையாட்டுத் திறமை பார்த்து நியமிக்கப்படுகிறவர்தான். அதிலும் சிறப்பு அழைப்பாளர் என்ற அந்தஸ்து மட்டுமே. மாணவன் குறையை விசாரிக்கிற இடத்திலேயே மாணவன் விருந்தாளி!

தலைவர் போனார், 'தல' வந்தார்

இப்போது அமைதிக் கணக்குக்கு வருவோம். தேர்தல் இல்லாவிட்டால் அடிதடி இல்லை என்றார்களே, அது நடந்ததா?

சென்னையைப் பார்த்தால் தெரியும். அங்கே மாணவர் தலைவர் பதவி காலியாகக் கிடந்தது. காலி நாற்காலியில் யாராவது ஒருவர் உட்காரத்தானே செய்வார்? "ரூட்டு தல" உட்கார்ந்தார்.

எந்த பஸ் ரூட்டில் எந்தக் கல்லூரி மாணவர்கள் கூட்டமாகப் போகிறார்களோ, அந்த ரூட்டுக்கு ஒரு தல. இவருக்கு மனுத் தாக்கல் இல்லை, வருகைப் பதிவு இல்லை, அரியர்ஸ் கணக்கு இல்லை. பஸ் கூரையில் ஏறித் தாளம் போடத் தெரிந்தால் போதும். பதவியைப் பிடிப்பதும் கைபலம். விடுவதும் கைபலம்.

2019-ம் ஆண்டு ஜூலை மாதம், அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் அரசு பஸ்சுக்குள் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் மோதினார்கள். பயணிகள் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். மோதியவர்கள் வேறு வேறு கல்லூரி அல்ல. ஒரே கல்லூரியில் இரண்டு ரூட்டு கோஷ்டிகள். அதன் பிறகு போலீசார் "ரூட்டு தல"களைக் கூப்பிட்டு நன்னடத்தை உறுதிமொழி எழுதி வாங்கினார்கள்.

அதோடு நின்றதா? 2024-ம் ஆண்டு அக்டோபரில் சென்டிரல் ரெயில் நிலையப் பகுதியில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் உயிர் இழந்தார். வேறொரு கல்லூரி மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒரு குடும்பத்தின் விளக்கு அணைந்தது.

2008-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் நடந்த மோதலைத் தமிழ்நாடே டெலிவிஷனில் பார்த்தது. கீழே விழுந்த மாணவரைச் சுற்றி நின்று அடித்ததையும், போலீசார் கேட்டுக்கு வெளியே நின்றதையும் மறக்க முடியுமா? அது சாதி மோதல். மாணவர் தேர்தலால் வந்தது அல்ல.

ஆகவே, தேர்தலை நிறுத்தினால் சண்டை நிற்கும் என்பது பொய்யாகப் போன கணக்கு. சண்டை நிற்கவில்லை. சண்டையைப் பேசித் தீர்க்க வேண்டிய ஆள்தான் இல்லாமல் போனார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "ரூட்டு தல" என்று ஒரு பெண்ணைச் சொல்லி யாராவது கேட்டதுண்டா? கைபலத்தில் தலைமை என்றால் பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. ஓட்டுப் பெட்டி வைத்தால் கதை வேறு. கலைக் கல்லூரி வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கும் காலம் இது. ஓட்டுக் கேட்கிறவன் பெண்கள் கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் ஜெயிக்க முடியாது. பெண்ணே நின்று ஜெயிக்கவும் செய்வாள்.

மறுபக்கமும் உண்டு

தேர்தல் வந்துவிட்டால் பாலும் தேனும் ஓடும் என்று சொல்வதற்கு இல்லை.

மத்தியப்பிரதேசம் உஜ்ஜயினியில் மாதவ் கல்லூரி. 2006-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாணவர் தேர்தல் தகராறில் ஏற்பட்ட அமளியில் பேராசிரியர் சபர்வால் உயிர் இழந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2009-ல் விடுதலை ஆனார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தவரின் உயிர் மட்டும் திரும்பவில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 5 ஆயிரம் ரூபாய் விதியை யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. கார் ஊர்வலம், சுவர் எங்கும் போஸ்டர் என்று ஊரையே அசிங்கப்படுத்தினார்கள். 2024 செப்டம்பர் 27-ந் தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. "முதலில் சுவரைச் சுத்தம் செய். பிறகு ஓட்டை எண்ணு" என்று டெல்லி ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. ஜெயித்தது யார் என்று தெரிய நவம்பர் 25-ந் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் லிங்டோ விதிகளை மீறியதாகச் சொல்லி 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தேர்தலுக்கே தடை போட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 2012-ல்தான்.

இந்தச் சம்பவங்களிலும் ஒரு பாடம் இருக்கிறது. டெல்லியில் தவறு செய்தவர்களைப் பிடிக்க விதி இருந்தது, கோர்ட்டு இருந்தது. சுவரைக் கழுவ வைத்தார்கள். "ரூட்டு தல"யை எந்த விதியை வைத்துப் பதவி இறக்குவது?

சாதி பார்த்து ஓட்டு விழாதா என்று கேட்கலாம். கடலூர் மாவட்டத்தில் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. விழலாம். ஆனால் ரகசிய ஓட்டு என்று ஒன்று இருக்கிறது. தெருவில் தன் ஆட்களோடு நிற்கிறவன்கூட, தட்டிக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது நல்லவனுக்குக் குத்த வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்புகூட இப்போது இல்லை.

பக்கத்திலேயே வழி இருக்கிறது

வழி தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே காலாப்பட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவைக்குத் தேர்தல் முறை உண்டு. மாணவர்கள் முதலில் தங்கள் துறைப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதிநிதிகள் கூடித் தலைவர், செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேர் திரண்டு ஓட்டுப் போட்டால் ரகளை வரும் என்று பயப்படுகிற கல்லூரிக்கு இது ஏற்ற முறை. வகுப்புக்கு ஒருவரை வகுப்பிலேயே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பீரியட் போதும். ஒரு அட்டைப் பெட்டி, கொஞ்சம் வெள்ளைத்தாள், மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியர். செலவு என்ன ஆகிவிடப் போகிறது? கேட்டில் போலீஸ் வேனை நிறுத்துவதைவிடக் குறைவாகத்தான் ஆகும். மறைமுகத் தேர்தல் முறைக்கு லிங்டோ கமிட்டியும் இடம் கொடுத்துள்ளது.

போட்டியிட நினைக்கும் மாணவர்களும் சில விஷயங்களை மனதில் வைப்பது நல்லது. போராட்டம், கோஷம் என்று தொடங்குவதற்கு முன், 2006 செப்டம்பர் 22 உத்தரவைக் குறிப்பிட்டு, வகுப்புத் தோழர்கள் கையெழுத்தோடு பிரின்சிபாலுக்கு ஒரு மனு கொடுக்கலாம். "தேர்தல் எப்போது? தேர்தல் இல்லை என்றால் எதனால் இல்லை?" என்று எழுத்தில் பதில் கேட்கலாம். அரசு கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். கேட்பதற்கு முன் அரியர்சை முடித்துவிட வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும். விதியைக் காட்டிக் கேட்கிறவன் விதிக்கு உட்பட்டவனாக இருக்க வேண்டும் அல்லவா?

அரசியல் கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் அணி வைத்திருக்காத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. மாநாட்டுக்குப் பந்தல் போடவும், தலைவர் வந்தால் பட்டாசு வெடிக்கவும் மாணவர் அணி வேண்டும். "கல்லூரியில் தேர்தல் நடத்து" என்று கேட்க மட்டும் பெரிய கட்சிகளுக்கு வாய் வருவதில்லை. மாணவர் போராட்டத்தின் தோளில் ஏறிக் கோட்டைக்குப் போனவர்கள், ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டால் தப்பு சொல்ல முடியாது.

பீகாரில் லல்லு பிரசாத், டெல்லியில் அருண் ஜெட்லி, சீதாராம் யெச்சூரி ஆகியோர் மாணவர் சங்கத் தேர்தலில் ஜெயித்துத்தான் நாட்டுக்குத் தெரிந்தார்கள். மூவரும் மூன்று திசை. ஆனால் ஓட்டுக் கேட்பது எப்படி, தோற்றால் வீட்டுக்குப் போவது எப்படி என்பதை மூவரும் கல்லூரியிலேயே படித்துவிட்டார்கள். தமிழ்நாட்டு மாணவனுக்கு அந்தப் பாடம் சிலபசிலேயே இல்லை. அவன் முதல் தடவை ஓட்டுப் போடுகிறபோது, அதன் மதிப்பை அவனுக்குச் சொல்வது வீடு தேடி வருகிற கவராக இருக்கிறது.

சாயங்காலம் ரெயில் மேல்பட்டாம்பாக்கத்தில் நிற்கும். கல்லூரிக் கூட்டம் இறங்கும். நெய்வேலி ஷிப்டு முடிந்த அப்பாவும் வீட்டுக்கு வந்து சேருவார்.

"எங்க சங்கத் தேர்தல்ல நாங்க போட்ட ஆளு சரியில்லன்னா, அடுத்த தடவ மாத்திடுவோம்டா. நீங்க என்ன பண்ணுவீங்க?"

மகனிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கல்லூரி நிர்வாகமும் அரசாங்கமும்தான். 2011-ல் முடிந்த ஐந்து வருஷத்துக்கு இன்னும் கணக்கு முடியவில்லை.